பதினொரு போர்வைகள்

"அக்கா, டாக்டர் ஒரு மணி நேரம் டிவி பார்க்கலாம்னுட்டார். படத்தை எடு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கத்தினாள் தங்கை. ஆறு வயதில் காய்ச்சலோடு போன பார்வை. கருவிழி மாற்றி, கட்டு அவிழ்த்து, முப்பத்து மூன்றாம் வயதில் திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது.

இந்த ஐந்து வாரமாக அவளுக்கு எல்லாமே அதிசயம்தான். பால் பொங்குவதை நின்று பார்ப்பாள். சன்னல் வெயிலில் மிதக்கும் தூசியைப் பிடிக்கப் போவாள். பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் அக்காவின் நகக்கண்களைப் பார்த்துவிட்டு, "உன் கையில இவ்வளவு கலரா!" என்று அழுதேவிட்டாள்.

"எந்தப் படம்?" தெரிந்தே கேட்டாள் அக்கா.

"ஆமா, நூறு படம் போட்டுக் காட்டின பாரு! மொட்டைமாடிப் பாட்டு வருமே, அதுதான்."

அது பழைய பாட்டுப் படம். இருவரும் சின்னவர்களாக இருந்தபோது வாடகைக்கு எடுத்த கேசட்டில் ஆரம்பித்தது. படம் ஓடும்போதெல்லாம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் நடப்பதைத் தங்கையின் காதில் சொல்வாள். இருபத்தேழு வருடமாகச் சொல்கிறாள். பாட்டெல்லாம் தங்கைக்கு மனப்பாடம். வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்றே பெயர்.

"டிஸ்க்ல கீறல் விழுந்திருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றாள் அக்கா.

"என்ன கீறல்? ஆபரேஷனுக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு" என்று எழுந்தார் அக்காவின் கணவர். "ரேடியோ, நீ உட்காரும்மா. நான் போடறேன்."

"தேங்க்ஸ் மாமா! முதல்ல அந்தப் பதினொரு போர்வையும் பார்க்கணும். மாடியில காயப்போட்டிருக்கும், அதுக்கு நடுவுல புகுந்து புகுந்து ஆடுவாளே! அக்கா ஒரு தடவை முதல் போர்வை நீலம்பா, இன்னொரு தடவை மஞ்சள்பா."

"பெயிண்ட்காரிகிட்ட கலர் கேட்டா வேற எப்படி இருக்கும்?" என்று சிரித்தார் மாமா.

அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள்.

ஒரே ஒரு பொய். பத்து வயதில், பக்கத்தில் விசும்பிக்கொண்டிருந்த குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொன்னது. கண்ணில் மறைந்ததெல்லாம் இவளுக்கு மனத்திலாவது மறையாமல் இருக்கட்டும் என்று சொன்னது. வெயிலில் காய்ந்த துணியை முகத்தில் வைத்த மாதிரி மஞ்சள், மழைக்கு முன்னால் வரும் காற்று மாதிரி நீலம் என்று சொல்லச் சொல்ல, குழந்தையின் விசும்பல் நின்றது. அந்தப் பொய் இன்று அவளைவிட உயரமாக வளர்ந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

தெருவைக் கடக்கவும், மனிதர்களை எடைபோடவும், அக்கா சொன்னால் சரி என்று நடந்தவள் அவள். அந்தச் சொல்லே பொய் என்று தெரிந்தால் இனி எதைத்தான் நம்புவாள்?

"அக்கா! ஆரம்பிச்சாச்சு!"

பிளேயரை ஓடவிட்டு மாமா வெளியே கிளம்பியிருந்தார். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கத் துணிவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்தாள். வெளிச்சம் அந்த முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கோயிலுக்குள் நுழைந்தவள்போல மூச்சைக்கூட அடக்கி வைத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏதாவது கேளேன். திட்டவாவது திட்டேன்.

மொட்டைமாடிப் பாட்டின் முதல் வயலின் எழுந்தது. எத்தனையோ தடவை கேட்டும் அந்த இடத்தில் அக்காவுக்கு உடம்பு சிலிர்க்கும். இன்று நிறுத்துவதற்கு ரிமோட்டைத் தேடினாள்.

தங்கை சட்டென்று கண்களை மூடிக்கொண்டாள்.

"என்னடி, கண் வலிக்குதா?"

"இல்ல. சொல்லு."

"என்ன சொல்ல?"

"வழக்கமா சொல்றதைத்தான். முதல் போர்வை என்ன கலர்?"

"அதான் கண்ணு வந்துடுச்சே. நீயே பாரேன்."

"பார்த்துட்டேன். நீ சொல்லு."

"என்னை மன்னிச்சிடுடி. அன்னைக்கு நீ அழுதேன்னுதான்... அப்புறம் நிறுத்த முடியல. உன்னை ஏமாத்தணும்னு..."

தங்கை தடவிப் பார்த்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வை வந்த பிறகும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

"உனக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னுச்சே, அந்த மாசம் பதினொரு போர்வையும் சாம்பல். நல்லாத்தான் இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்ச. மாமா பெண் பார்க்க வந்துட்டுப் போன அன்னைக்குப் பதினொண்ணும் மஞ்சள். பிடிச்சிருக்கான்னு அம்மா கேட்டதுக்கு மட்டும் வாயைத் திறக்கல."

அக்கா அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது கறுப்பு வெள்ளைப் படம்னு ஒரு தடவை கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனப்பவே கடைக்காரர் சொல்லிட்டார்க்கா, அப்ப எனக்கு எட்டு வயசு" என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமலே. "படத்தை யார் பார்த்தா? எனக்கு உன்னைப் பார்க்க இது ஒண்ணுதானே வழி!"