கைத்தடிக்கு அவசரமில்லை

எழுபது வயது மாசிலாமணிக்கு மகள் வாங்கித் தந்த கைத்தடி, வந்த நாள் முதல் கதவு மூலையிலேயே நின்றது.

"உனக்கென்னப்பா, தினமும் பார்க் வரைக்கும் போயிட்டு வர்றே. என்னை யாரு தொடுறாங்க?" என்று வாசல் செருப்பிடம் பொருமும்.

"என் குதிகாலைப் பாரு, தேஞ்சே போச்சு," என்று செருப்பு சிரிக்கும்.

அடைமழையில் ஒரு வாரம் அவர் நடக்கப் போகவில்லை. மழை விட்ட காலையில் முழங்கால் மடங்க மறுத்தது. சுவரைப் பிடித்தபடி வந்து, முதல்முறையாகக் கைத்தடியை நோக்கிக் கை நீட்டினார்.

அது வேண்டுமென்றே சரிந்து பீரோவுக்கு அடியில் நழுவிப் போனது.

குனிய முடியாமல் முணுமுணுத்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு மெல்லப் படியிறங்கினார்.

"பத்திரமா கூட்டிட்டுப் போ," என்று பீரோவுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."