கலர் நிக்குமா?

“ஏனுங்ணா, இதும் போச்சா?”

தரணி கேட்க, தோட்டக்காரர் வீரணன் கருகிப்போன இட்லிப்பூச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, கூடையில் போட்டார்.

ஆறு மாதத்தில் இது மூன்றாவது வரிசை. முதலில் செம்பருத்தி, அப்புறம் ஏதோ பெங்களூர்ச் செடி, இப்போது இட்லிப்பூ. பனியன் கம்பெனியின் முன்வாசல் மறுபடியும் மொட்டை. இன்னும் பன்னிரண்டு நாளில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆய்வுக்கு வருகிறார். நாட்டுக்கு இவ்வளவுதான் என்றிருந்த ஏற்றுமதிக் கோட்டா போய் ஒரு வருஷம் ஆகிறது; பையர்கள் இனி எந்த நாட்டிலும் வாங்கலாம். இப்போதெல்லாம் அவர்கள் துணியைப் பார்ப்பதற்கு முன் வாசலைத்தான் பார்க்கிறார்கள்.

தரணி சரியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஷிப்மென்ட், ஆய்வு, வீடு என்று ஓடுகிறவள் தலையில்தான் தோட்டமும். கம்பெனி முதலாளியான மாமனார் சுப்பண்ணன் சாயப்பட்டறையில் வேலைக்கு நின்று மேலே வந்தவர். எதை வாங்கினாலும் துணி வாங்குகிற மாதிரியே கேட்பார்.

“கலர் நிக்குமா கண்ணு? வருஷம் முச்சூடும் பச்சையும் செவப்புமா நிக்கோணும். வெளுத்துப்போற செடி நமக்கு வேண்டாம்.”

செடி ஏன் சாகிறது என்பதுதான் விளங்கவில்லை. போர் தண்ணீர் ஒரே உப்பு. டீ போட்டால் பால் திரிந்துவிடும். அதற்காகத்தான் செடிக்கென்றே தினமும் காலையில் லாரியில் ரெண்டு டிரம் நல்ல தண்ணீர் வரவைத்திருந்தாள்.

நேற்று வாட்ச்மேன் கிட்டுசாமி சொன்னது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது.

“அந்த டிரம்மு ரெண்டும் காலங்காத்தால தள்ளுவண்டில பின்பக்கமா எங்கியோ போகுதுங்க. அந்தப் பக்கம் டீக்கடை இருக்குதில்லீங்க... நான் ஒண்ணும் சொல்லலீங்க.”

இட்லிப்பூவைப் பிடுங்கிய அன்றைக்கே வீரணனை வேனில் ஏற்றிக்கொண்டு பல்லடம் ரோட்டு நர்சரிக்குப் போனாள். கையில் துணிச் சாயத்தின் நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஷேடு கார்டு. அதை ஒவ்வொரு இலையின் மேலும் வைத்துப் பார்க்க ஆரம்பித்ததும், நர்சரிக்கார வெள்ளையம்மாள் சிரித்துவிட்டார்.

“செடிக்கும் சாம்பிள் அனுப்பி அப்ரூவல் வாங்கோணுமா கண்ணு?”

தரணிக்குச் சிரிப்பு வரவில்லை. மஞ்சளும் சிவப்புமாய் மினுங்கிய குரோட்டன்ஸைக் காட்டினாள்.

“இது?”

“வேணாம்மா,” என்றார் வீரணன்.

“அந்த மஞ்ச டுரண்டா?”

“தாங்காது தாயி.”

“அப்பறம் எதுதானுங்ணா தாங்கும்?”

வீரணன் மூலையைக் காட்டினார். அரளி.

“அரளியா? பைபாஸ் ரோட்டு நடுவுல வெக்கறதுங்க அது!”

“ஆடு வாய் வைக்காது. வருசம் பூராம் பச்சை, வருசம் பூராம் பூ. உப்புத் தண்ணியிலயும் நிக்கும்.”

“உப்புத் தண்ணி எதுக்குங்ணா? அதான் தெனமும் ரெண்டு டிரம் நல்ல தண்ணி வருதில்லீங்க?”

வீரணன் தன் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தரணிக்குச் சுருக்கென்றது. அப்படியானால் கிட்டுசாமி சொன்னது நிஜம்தான்.

“குரோட்டன்ஸே நாப்பது போடுங்க்கா. நாளைக்கு அனுப்பிருங்க.” வேனில் ஏறும்போது வீரணன் பக்கம் திரும்பினாள். “இதும் கருகுச்சுன்னா, நீங்க உங்க ஊருக்கே கெளம்பிக்கலாமுங்ணா.”

“சரி தாயி.”

அவ்வளவுதான் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில் ஊருக்குப் போய் என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கே வந்து ஜெனரேட்டர் ரூம் ஓரமாக நின்றுகொண்டாள். லாரி வந்து, தள்ளுவண்டியிலிருந்த ரெண்டு டிரம்மையும் நிரப்பிவிட்டுப் போனது. வீரணன் மூச்சு வாங்க வண்டியைத் தள்ளினார். தரணி பின்னாலேயே போனாள்.

வண்டி டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. கம்பெனியின் தையல் பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றது.

பாட்டிலும் குடமுமாக முப்பது பெண்கள். முன்னால் நின்றவள் வேல்விழி, வயிற்றுவலி என்று மாதம் ரெண்டு தடவை லீவு கேட்கிறவள்.

“அப்ப இன்னைக்கு வர்ற புதுச் செடிக்கு, அண்ணாச்சி?”

“அதுக்கும் போர் தண்ணியே ஊத்திக்கிடலாம். நீ புடி.”

ஹாஸ்டல் சுவரில் தண்ணீர் பில்டர் பளபளவென்று மாட்டியிருந்தது. தரணி போய்க் குழாயைத் திருகினாள். ஒரு சொட்டு வரவில்லை.

“எத்தன நாளாங்ணா?”

அப்போதுதான் அவளைப் பார்த்த வீரணன் வண்டியை விட்டு ஒதுங்கி நின்றார்.

“ஏழு மாசம்மா. சூப்பர்வைசர்ட்ட சொன்னோம். ஆய்வு முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதீகன்னுட்டாரு.”

தரணி ஆபீசுக்கு வந்து ஆய்வு பைலைப் பிரித்தாள். பதினான்காவது கேள்வி: தொழிலாளர்களுக்கு நல்ல குடிநீர் உண்டா? எதிரே பச்சை மையில் ஒரு டிக். போன மாதம், பில்டர் மாட்டியிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அவளே போட்டது.

அந்த டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தாள். லாரிக்காரருக்குப் போன் போட்டு, இனிமேல் தண்ணீரை ஹாஸ்டல் தொட்டியிலேயே இறக்கச் சொன்னாள். அடுத்த போன் நர்சரிக்கு.

“அக்கா, குரோட்டன்ஸ் வேண்டாமுங்க. அரளியே அனுப்பிருங்க.”

“அதென்ன கண்ணு, ஒரே ராத்திரில மனசு மாறிப்போச்சு? கலர் நிக்குமான்னு உங்க மாமனார் கேப்பாரே?”

“அது நிக்குமுங்க்கா,” என்றாள் தரணி. “வெளுத்தது எங்க சாயந்தானுங்க.”