வாரிசின் அனுமதி

பழைய ஆஸ்பத்திரிப் புகைப்படம் எதைக் கேட்டாலும், இணைய ஆவணக் காப்பகம் அதிலிருக்கும் நோயாளியின் வாரிசைத் தானே தேடிப்பிடித்து அனுமதி கேட்கும். மருத்துவ வரலாற்று ஆய்வாளர் நாச்சியாருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ‘அவசரம்’ என்று அழுத்திவிடுவாள். அனுமதிக்குக் காத்திராமல் படம் உடனே திறந்துகொள்ளும்.

அன்றும் அழுத்தினாள். திரையில் தோல்நோய் கண்ட ஒருத்தி, பொட்டுத் துணியில்லாமல் நின்றாள். நாச்சியார் தழும்புகளைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா கைபேசியோடு அறைக்குள் வந்தாள்.

“எங்க பாட்டியோட அம்மா படமாம்டி. யாரோ பாக்கணுமாம், சரியான்னு கேக்குது.”

நாச்சியார் பதறி எழுவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். நைட்டி மேல் போட்டிருந்த துண்டை உருவித் திரையை மூடினாள்.

“யாரோன்னு நெனச்சுட்டேம்மா...”

“யாரோன்னா பாக்கலாமா?”