சத்தம் போடாத பம்ப்

"இன்னைக்கும் தட்டுனான் அந்தக் கிழவன்."

வேலை முடிந்து உள்ளே நுழைந்த ரவ்ஷானிடம் புருஷன் தௌரேன் சொன்ன முதல் வார்த்தை அது.

அவள் கைப்பையைக்கூட இறக்காமல் மீன் தொட்டிகளிடம் ஓடினாள். சுவரோரம் இரும்பு அடுக்கில் ஏழு தொட்டி, எல்லாவற்றுக்கும் காற்று ஊத ஒரே பழைய பம்ப். மூன்றாவதில் இரண்டு ஏஞ்சல் மீன் குஞ்சுகள் செத்து மிதந்தன.

"எத்தனை தடவை தட்டுனாரு?"

"யாரு எண்ணுனா? டங்கு டங்குன்னு ஒரே இடி. ராத்திரி பூரா ரொட்டி ஆலையில நின்னுட்டு வர்றவன் பகல்ல கண்ணை மூட வேணாமா?"

கரகண்டா நகரின் பழைய அடுக்குமாடி அது. வெந்நீர்க் குழாய் ஒன்று அடிவீட்டிலிருந்து உச்சிவீடு வரை எல்லார் சுவரோரமும் ஏறும். மேலே சத்தம் தாங்கவில்லை என்றால் கீழே இருப்பவர் கரண்டியால் அந்தக் குழாயைத் தட்டுவார். அடக்கிக்கொள் என்று அர்த்தம்.

கீழ் வீட்டுக்காரர் ஒராஸ்பாய் தாத்தா, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். படியில் எதிர்ப்பட்டால் ரவ்ஷான் குனிந்து வணங்குவாள். அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஏன் தட்டுகிறீர்கள் என்று போய்க் கேட்க முடியுமா? வாழ வந்த மருமகள் பெரியவரிடம் நியாயம் பேசினாள் என்று கட்டடமே கைகொட்டிச் சிரிக்கும்.

"நான் வீட்டுல இருக்கற ஞாயித்துக்கிழமை மட்டும் தட்டவே மாட்டேங்கறாரே?"

"உனக்கு மரியாதை. என்னைக் கண்டா இளக்காரம்." தௌரேன் கொட்டாவி விட்டான். "கட்டடத் தலைவிகிட்ட புகார் எழுதிக் குடுக்கப் போறானாம். அவ வந்தா தொட்டியெல்லாம் வெளியதான். அதுக்கு முன்னாடி நீயே யாருக்காவது குடுத்துடு. அந்த இடத்துல பெரிய டிவி வைக்கலாம்."

முட்டையிலிருந்து வளர்த்த குஞ்சுகள். செத்த இரண்டையும் சின்ன வலையால் அள்ளி எடுத்தாள்.

"பம்ப் பழசாயிடுச்சு. சத்தமும் போடுது, நடுவுல நின்னும் போகுது போல. இல்லேன்னா குஞ்சு ஏன் சாகுது? நல்லதா ஒண்ணு வாங்கிடறேன்."

"எந்தப் பம்ப் வந்தாலும் அவன் தட்டத்தான் போறான்" என்று திரும்பிப் படுத்தான்.

சனிக்கிழமை காலையிலேயே சந்தைக்குப் போனாள். மீன் கடை தமாரா அக்கா ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, மூஞ்சி இப்படிக் கிடக்கு?"

"பம்ப் சத்தம் தாங்காம கீழ் வீட்டுத் தாத்தா குழாயைத் தட்டறாரு அக்கா. தொட்டிக்கு ஒண்ணா ஏழு சின்னப் பம்ப் வாங்கட்டுமா?"

"வாங்கு. ஏழு வண்டை வீட்டுக்குள்ள விட்ட மாதிரி இருக்கும். அந்தத் தாத்தா குழாயைத் தட்ட மாட்டாரு, உன் மண்டையைத் தட்டுவாரு. ஒரே பெரிய பம்பா எடு. பாதி வேகத்துல ஓட விட்டு, காத்தை ஏழாப் பிரிச்சுக் குடு."

தமாரா ஒன்றை எடுத்து மின்சாரத்தில் சொருகினாள். மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

"இதையே குடுங்க அக்கா!"

"அவசரப்படாதே. பொண்ணு பாக்க வந்தப்ப உன் புருஷன்கூட அமைதியாத்தான் உக்காந்திருந்திருப்பான். வேலை குடுத்தாத்தான் குணம் தெரியும்."

தண்ணீர் நிரம்பிய ஆழமான கண்ணாடி ஜாடியின் அடியில் காற்றுக் குழாயை இறக்கினாள். அமைதியாக இருந்த பம்ப் கடகடவென்று அலறியது.

"பாத்தியா?"

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது அலறவில்லை. ஆனாலும் சந்தை இரைச்சலில் ரவ்ஷானுக்கு நம்பிக்கை வரவில்லை.

"கையை வச்சுப் பாரு. காதை ஏமாத்தலாம், கையை ஏமாத்த முடியாது."

உள்ளங்கையை வைத்தாள். தூங்கும் பூனையின் முதுகு மாதிரி லேசாக ஒரு அதிர்வு, அவ்வளவுதான்.

"சுவத்துல முட்டாம, தடிப் பஞ்சு மேல வை. வருஷக்கணக்கா நிக்காம ஓடும். கீழ் வீட்டுல எறும்புக்குக்கூடக் கேக்காது."

வீட்டுக்கு வந்தும் பதற்றம் போகவில்லை. அதற்குள் தாத்தா எழுதிக் கொடுத்திருந்தால்? பெட்டியைப் பிரிக்காமல் முதலில் மாவைப் பிசைந்தாள். பவுர்சாக் என்ற மாவு உருண்டைகளைப் பொரித்து, சூட்டோடு தட்டில் அடுக்கி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

கதவைத் திறந்த ஒராஸ்பாய் தாத்தா தட்டைப் பார்த்தார்.

"என்ன மருமகளே, விசேஷமா?"

"மன்னிச்சுக்குங்க தாத்தா. ரெண்டு மாசமா எங்க பம்ப் உங்களைப் பாடாப் படுத்திடுச்சு. புதுசு வாங்கிட்டேன். இனிமே உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்கவே கேக்காது. தயவுசெஞ்சு தலைவிக்கு எழுதிக் குடுத்துடாதீங்க."

"கேக்கவே கேக்காதா?"

"சத்தியமா."

பெரியவர் முகம் வெளுத்தது. "ஐயையோ, அதை மாட்டிடாதே தாயி!"

"ஏன் தாத்தா? அந்தச் சத்தம் பிடிக்காமத்தானே தட்டுறீங்க?"

"யாரு சொன்னா? நான் எதுக்கு எழுதிக் குடுக்கப் போறேன்? முப்பது வருஷம் சுரங்கத்துல இருந்தவன் நான். காத்து மெஷின் சத்தம் நின்னா நாங்க மேல ஓடுவோம். தொட்டிக்குள்ள இருக்கற மீனு எங்க ஓடும்?"

சொல்லலாமா வேண்டாமா என்று தரையைப் பார்த்தார்.

"புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல கோள் சொல்றது என் வயசுக்கு அழகில்லைன்னுதான் கரண்டியை எடுத்தேன். நீ வேலைக்குக் கிளம்புனதும் உன் வீட்டுக்காரன் பம்பை அணைச்சுடறான். அவன் மறுபடி போடற வரைக்கும் தட்டுவேன். இனிமே சத்தமே கேக்கலைன்னா, எப்பத் தட்டணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"