கோட்டைக்குப் போன செருப்பு

குவைத்தின் மங்காஃபில் லுல்வா உம்மாவின் வீட்டிலேயே தங்கி அவரைக் கவனித்துவந்தாள் நர்ஸ் ஷாஜினி. 2006இல் சிகிச்சைக்காக ஜெர்மனி போனபோது, காட்டுப் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் ஒரு கோட்டை ஊரைப் பார்த்தார்கள். மரச்சட்ட வீடுகளுக்கு மேலே கோட்டை மேகத்தைத் தொட்டு நின்றது. இருவருக்கும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. உம்மா நடந்து ஆறு வருஷமாகிறது. சக்கர நாற்காலி கோட்டைக்கு ஏறும் முதல் படியோடு நின்றுவிட்டது.

குவைத் திரும்பிய மறுநாள் காலை, உம்மாவின் செருப்பில் ஈரமண்ணும் பைன் இலையும் ஒட்டியிருந்தன. ஷாஜினி துடைத்துவைத்தாள். அடுத்த நாளும் துடைத்தாள். பத்தாம் நாள் கேட்டேவிட்டாள்.

“மேல எப்படி இருக்கு உம்மா?”

“ஆறு முழுசாத் தெரியுது. அவ்வளவு அழகு. நாளைக்கு நீயும் வா.”

அன்று மாலை ஷாஜினி தன் செருப்பைக் கழுவி, உம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.