புது அந்துப்பூச்சிக்கு ஒரு பெயர்
நுண்ணோக்கியின் மேல் ஜன்னல் வெயில் சரிந்து விழுகிறது. அடியில் அரிசி நுனியளவு அந்துப்பூச்சி. சிறகு பார்வைக்குப் பக்கத்து மலைப் பூச்சியின் சிறகு போலவேதான். வயிற்றைப் பிரித்துப் பார்த்து, இது புது இனம் என்று கண்டுபிடித்தவள் அவள். அதற்கான பெயர்ச் சீட்டில் பென்சிலால் கணவன் பெயரை எழுதியிருக்கிறாள். இந்தப் பூச்சி புழுவாக இருந்த இலையைப் பறிக்கப் போய்ச் சரிவில் உருண்டு செத்தவன். பேராசிரியர் எட்டிப் பார்க்கிறார். “இதுக்கு என் பேரை நானே வச்சுக்கக் கூடாதும்மா, வழக்கமில்ல. நீதான் வைக்கணும்.” சிரிக்கிறார். “உன் வேலை நிரந்தரமாகணும்னா நான்தானே கையெழுத்துப் போடணும்?” சீட்டின் மேல் ரப்பர் தேய்கிற சத்தம் கேட்கிறது. மேசையில் அந்த இலை கிடக்கிறது. மேல்தோல் கிழியாமல் அப்படியே இருக்கிறது. உள்ளே பச்சையையெல்லாம் புழு தின்று தீர்த்திருக்கிறது. இலையைப் பார்த்துக்கொண்டே பேராசிரியரின் பெயரை எழுதுகிறாள். “பொருத்தமாத்தான் இருக்கு சார்.” “சந்தோஷம்மா” என்று அவள் தோளைத் தட்டுகிறார்.