மேட்டுக்கொல்லைக் கிணறுகள்

"மறுபடியும் கிணறா? ஏன் அண்ணா, மரம், குட்டை, வேலி எதுவுமே உங்க கண்ணுல படாதா?"

ஜெரூஷா கேட்டுக்கொண்டிருக்கும்போதே பொன்னுரங்கம் கிணற்று விளிம்பில் குனிந்தார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கிணற்றுக்குள் நெடுநேரம் அடித்துப் பார்த்தார். பிறகு போனில் ஒரு நீலப் புள்ளி வைத்துவிட்டு அடுத்த கொல்லைக்கு நடந்தார்.

வண்டலூர் மலையடிவாரத்து மேட்டுக்கொல்லைகளில் என்னென்ன மரம், குட்டை, கிணறு இருக்கிறது என்று போனிலேயே வரைபடமாக்கக் கற்றுக்கொடுப்பது ஜெரூஷாவின் வேலை. தாம்பரத்து அறக்கட்டளை ஒன்று நடத்தும் வகுப்பு. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

முதல் நாளே இந்த மனுஷன் எழுந்து, "ஒரு தபா பாத்த கெணத்தாண்டையே மறுக்கா போய் நிக்காத மாதிரி குறிச்சி வெச்சிக்கலாமா மேடம்?" என்று கேட்டார். ஓகோ, நல்ல அக்கறையான ஆள் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் புளியமரம், கள்ளிவேலி என்று குறித்துக்கொண்டு வர, இவர் மட்டும் கிணறு கிணறாக அலைந்தார். புதர் மண்டிய பாழுங்கிணற்றையும் விடவில்லை, சொட்டுத் தண்ணீர் இல்லாததையும் விடவில்லை. நடுவில் போன் அடித்தால் போதும், பதறிப்போய் எடுப்பார். பேசி முடித்ததும் முகம் தொங்கிவிடும்.

"லாரி ஓனர் விரட்டுவான், வேற யாரு?" என்றான் உடன் கற்றுக்கொடுக்கும் ஃபிரெடி. "அக்கா, உங்களுக்குத் தெரியாதா? அவரு கேளம்பாக்கம் பக்கம் தண்ணி லாரி டிரைவர். ஃபிளாட்டுக்கெல்லாம் லோடு அடிக்கிறவரு."

ஜெரூஷா பொன்னுரங்கம் போன திசையைத் திரும்பிப் பார்த்தாள். அடப்பாவி! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிட்டதே!

முடிச்சூரில் அவள் அப்பா லாசரஸின் கிணற்றையும் இப்படித்தான் காலி பண்ணினார்கள். பக்கத்து நிலத்தில் போர் போட்டு, ராப்பகலாக உறிஞ்சி, லாரி லாரியாக ஏற்றிவிட்டார்கள். பயிர் கருகிய அன்றைக்கு அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். நிலம் மனையாகப் போனது. அந்த ஏக்கத்திலேயே அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

அந்த வேதனைதான் அவளை இந்த வேலைக்கே இழுத்து வந்தது. "கெணறு ஒண்ணுதாம்மா எங்களுக்கு உசுரு, படம் போட்டு லாரிக்காரனுக்குக் காட்டிக் குடுத்துடாதீங்க" என்று இங்கே கொல்லை வைத்திருக்கும் கன்னியம்மா கையைப் பிடித்துக் கெஞ்சியபோது, ஒரு கிணறும் லாரிக்குப் போகாது என்று சத்தியம் பண்ணியிருந்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார, பொன்னுரங்கம் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காமல் இன்னொரு கிணற்றைத் தேடிப் போய்விட்டார். ஜெரூஷா லேப்டாப்பைத் திறந்தாள். அவர் பெயரில் இருந்த புள்ளிகள் அத்தனையையும் மொத்தமாக அழித்தாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

முட்கள் கீறிய கையோடு திரும்பி வந்தவர் போனைத் திறந்தார். மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார்.

"மேடம், எம் புள்ளி ஒண்ணு கூட காணோமே! இன்னா ஆச்சு மேடம்?"

"நான்தான் அழிச்சேன்."

"ஐயோ! திருப்பி எடுத்துடலாம் இல்ல?"

"முடியாது. மனசாட்சி இருக்கா அண்ணா உங்களுக்கு? எந்தக் கிணத்துல தண்ணி உறிஞ்சலாம்னு பார்த்து வைக்கத்தானே வந்தீங்க? இந்த ஜனங்க வயித்துல அடிச்சுதான் பிழைக்கணுமா?"

"தண்ணியா?" பொன்னுரங்கம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நான் லாரிய வுட்டு எறங்கியே நாளாச்சு மேடம். காஞ்ச கெணத்துல இன்னாத்த உறியறது?"

ஜெரூஷா திடுக்கிட்டாள். "அப்புறம் எதுக்கு ஒண்ணு விடாம குறிச்சு வச்சீங்க?"

அவர் வெறும் திரையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணீர் அதன் மேல் சொட்டியது.

"புள்ளி வெச்ச கெணறு ஒண்ணுலயும் காணாம போன எம் பொண்ணு இல்ல மேடம்."